பூத்துக் குலுங்கும் ஃபீஜோவாச் செடி காய்க்காதது ஏன்?

புதுத்தோட்டம், ஆக்லாந்து – நவம்பர் 27

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் இந்த வீட்டை வாங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. பின்வேலியோரம் என் உயரத்தைவிடச் சற்று அதிகமாக வளர்ந்த ஒரு ஃபீஜோவாச் செடி (கொய்யாக் குடும்பத்துப் பழச்செடி) நிற்கிறது. வீட்டை விற்றவர் ஏப்ரல் மாதத்தில் நாள்தோறும் ஒரு வாளிப் பழம் பொறுக்கியதாகச் சொன்னார். எங்கள் காலத்திலோ முதல் ஆண்டு ஓரளவு காய்த்தது, அதன் பிறகு ஒரு பழம்கூட இல்லை. இத்தனைக்கும் இப்போது செடி முழுவதும் பூவாக இருக்கிறது. இதழின் வெளிப்புறம் வெண்மை, உட்புறம் இளஞ்சிவப்பு, நடுவே குங்கும நிறத்தில் கற்றையாக மகரந்தத் தாள்கள். ஆனால் சில நாள்களில் எல்லாம் காம்போடு உதிர்ந்துவிடும் என்பதைச் சென்ற இரண்டு ஆண்டுகளிலும் பார்த்துவிட்டேன். உரம் வைத்தேன், தண்ணீர் விட்டேன், செப்டம்பரில் வேலிக் கத்தரியால் ஓரங்களைச் சீராக வெட்டியும் விட்டேன். செடிக்கு வீட்டுக்காரர் மாறியது பிடிக்கவில்லை என்கிறார் என் மாமியார். வேறு காரணம் ஏதும் இருக்குமா?

ஈரமண், ஹாமில்டன் – நவம்பர் 27

முதலில் அந்த வேலிக் கத்தரியைப் பரண்மேல் ஏற்றிவிடுங்கள். ஃபீஜோவா, வசந்த காலத்தில் விடும் புதுத் தளிரின் அடிப்பகுதியில்தான் மொட்டு வைக்கும். அந்தத் தளிர்களோ சென்ற ஆண்டு வளர்ந்த கிளைகளிலிருந்துதான் கிளம்பும். இங்கே வசந்தம் தொடங்கும் செப்டம்பரில் ஓரங்களைச் சுவர்போல வெட்டினால், பூக்க வேண்டிய இடத்தையே வெட்டி எறிந்ததாகிவிடும். இந்த நாட்டில் ஃபீஜோவாவைப் பலர் வேலிச் செடியாக நடுகிறார்கள், உப்புக் காற்றையும் உறைபனியையும் தாங்கும் என்பதால் அதில் தவறில்லை. ஆனால் வேலியும் அழகாக இருக்க வேண்டும், பழமும் கூடை கூடையாக வேண்டும் என்றால் அது நடக்காது.

கணக்குப்பிள்ளை, வெலிங்டன் – நவம்பர் 27

ஈரமண் ஐயா சொல்லும் விதி சரியானது, இந்த வழக்குக்குத்தான் பொருந்தவில்லை. கேட்டவர் செடி முழுவதும் பூ என்கிறார். வெட்டியதுதான் குற்றம் என்றால் பூவே வந்திருக்கக் கூடாது. பழுது பூத்ததற்குப் பின்னால் இருக்கிறது. விதையிலிருந்து வளர்ந்த ஃபீஜோவாக்களில் பெரும்பாலானவையும், பெயர் பெற்ற வகைகளில் பலவும் தன் மகரந்தத்தைத் தானே ஏற்பதில்லை. வேறொரு வகையின் தூள் கிடைக்காத பூ காம்போடு கழன்று விழும். எனவே என் கேள்வி ஒன்றுதான்: கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் உங்கள் அக்கம்பக்கத்தில் யாராவது ஃபீஜோவாச் செடியை வெட்டினார்களா?

புதுத்தோட்டம் – நவம்பர் 28

உடம்பு சிலிர்க்கிறது. நாங்கள் குடிவந்த ஆண்டுக் குளிர்காலத்தில், இடப்பக்கத்து வீட்டார் கார் நிறுத்த இடம் வேண்டி வேலியோரம் இருந்த நான்கு செடிகளை வேரோடு எடுத்தார்கள். அவை ஃபீஜோவாதான் என்று இன்று காலை அவர்களிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். எங்களுக்கு முதல் ஆண்டு கிடைத்த பழம் அந்தச் செடிகள் இருந்தபோது பூத்த பூவின் பலன் என்பது இப்போது புரிகிறது.

ஈரமண் – நவம்பர் 28

கணக்குப்பிள்ளை பிடித்துவிட்டார், நான் அவசரப்பட்டுவிட்டேன். கத்தரியைப் பற்றிய என் எச்சரிக்கை மட்டும் அப்படியே இருக்கட்டும்.

இந்தச் செடியின் பூ விவகாரம் விசித்திரமானது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கொய்யா, நாவல், கிராம்பு, யூக்கலிப்டஸ் எல்லாம் சேர்ந்த மிர்ட்டேசிக் குடும்பத்தைச் சேர்ந்தது இது. தெற்கு பிரேசிலின் மேட்டுநிலங்களும் உருகுவேயும் அவற்றை ஒட்டிய பராகுவே, அர்ஜென்டினாப் பகுதிகளுமே இதன் தாயகம். பிரேசிலில் இதை மலைக்கொய்யா என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். 1890இல் எதுவார் ஆந்த்ரே என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் உருகுவேயிலிருந்து பிரான்சின் தென்கடற்கரைக்கு ஒரு செடியைக் கொண்டுவந்தார். அங்கிருந்து கலிபோர்னியா, கருங்கடலோரம் என்று பரவி, சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் நியூசிலாந்துக்கும் வந்து சேர்ந்தது.

நாம் அறிந்த பூக்களில் பலவும் தேனைக் காட்டித்தான் பூச்சியை அழைக்கும். இந்தப் பூவில் தேன் கிடையாது, இதழே விருந்து. சதைப்பற்றான அந்த நான்கு இதழ்களும் பிஞ்சுச் சுரைக்காயில் சர்க்கரை தொட்டுத் தின்பதுபோல மெல்லிய இனிப்போடு இருக்கும். அதைப் பிய்த்துத் தின்ன வரும் பறவையின் நெற்றியிலும் மார்பிலும் மஞ்சள் தூள் ஒட்டிக்கொண்டு அடுத்த செடிக்குப் போகிறது. ஆகவே பூவில் இதழ் கடிபட்டிருந்தால் வருந்த வேண்டாம், வேலை நடந்திருக்கிறது என்று பொருள். நியூசிலாந்தில் இந்த வேலையைச் செய்யும் பறவைகளில் நம் ஊர் மைனாவும் ஒன்று. வட தீவில் விவசாயிகள் அதைத் திட்டாத நாள் இல்லை. ஃபீஜோவா விஷயத்தில் மட்டும் அதற்குக் கூலி கொடுக்கலாம்.

தேனடை, டௌரங்கா – நவம்பர் 28

என் வீட்டில் இரண்டு தேனீப் பெட்டிகள் இருக்கின்றன. தேனீக்கள் ஃபீஜோவாப் பூவில் புரண்டு எழுவதை நாள்தோறும் பார்க்கிறேன். பறவைதான் வேண்டும் என்பது மிகையல்லவா?

கணக்குப்பிள்ளை – நவம்பர் 28

தேனீ வருவது உண்மை. மகரந்தம் சேகரிக்க வருகிறது, கால்பையில் நிரப்பிக்கொண்டு போகிறது. ஆனால் பூவைப் பக்கவாட்டில் பாருங்கள். சூல்முடி (தூளை ஏற்கும் பெண் உறுப்பின் நுனி) நடுவில் ஒரு குச்சிபோல மகரந்தத் தாள்களுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். சிறிய தேனீ அடியில் தாள்களுக்கிடையே உருளும்போது அந்த நுனியைத் தொடுவது அரிது. பெரிய உடம்புள்ள வண்டுத்தேனீ ஓரளவு தொடும், பறவை தவறாமல் தொடும். தேனீ பயனே அற்றது என்று நான் சொல்லவில்லை. உங்கள் பெட்டிகளை நம்பி ஒற்றைச் செடி வைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

புதுத்தோட்டம் – நவம்பர் 29

இந்த ஆண்டே ஏதாவது செய்ய முடியுமா? பூ இன்னும் இரண்டு வாரம் இருக்கும்போலத் தெரிகிறது. இரண்டு தெரு தள்ளி ஒரு நண்பர் வீட்டில் ஃபீஜோவா இருக்கிறது.

ஈரமண் – நவம்பர் 29

முடியும். நண்பர் வீட்டுச் செடியில், தாள்களின் நுனி மஞ்சளாகத் தூள் உதிர்க்கும் பூக்களாகப் பார்த்து, பனி காய்ந்த பிறகு பறித்து வாருங்கள். இதழ்களை நீங்களே தின்றுவிட்டு, மிஞ்சிய கற்றையைத் தூரிகைபோலப் பிடித்து, உங்கள் செடியில் புதிதாக விரிந்த பூக்களின் சூல்முடியில் மெதுவாகத் தேயுங்கள். ஒரு பூவைக் கொண்டு ஐந்தாறு பூக்களுக்குத் தடவலாம். தடவிய பூக்களின் காம்பில் வண்ண நூல் கட்டிவையுங்கள், பிறகு ஒப்பிட்டுப் பார்க்கலாம். நண்பருடையதும் உங்களுடையதும் ஒரே வகையாக இருந்தால் பலன் இராது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வகை ஒட்டுக்கன்றுகள் எத்தனை இருந்தாலும் அவை ஒரே செடிதான்.

கணக்குப்பிள்ளை – நவம்பர் 30

கையால் தடவுவது இந்த ஆண்டுக்குச் சரி. நிரந்தரத் தீர்வுக்கு ‘யூனிக்’ என்ற வகையில் ஒரு கன்று நடுங்கள். அது தனியாகவே காய்க்கும், பருவத்தின் தொடக்கத்திலேயே பழுக்கும், சிறிய வீட்டுத் தோட்டத்துக்கு ஒன்றே போதும். என் வீட்டில் ஒன்றுதான் இருக்கிறது, குறையில்லை.

ஈரமண் – நவம்பர் 30

இதில் நான் உடன்படவில்லை. யூனிக் தனியாகக் காய்க்கும் என்பது உண்மை, அப்படிப்பட்ட செடிக்கும் துணை இருந்தால் பழம் பருக்கிறது என்பதும் உண்மை. ‘அப்போலோ’ ஓரளவு தானாகக் காய்க்கும், பழமும் பெரிது. ‘டிரையம்ஃப்’, ‘மம்மத்’ இரண்டுக்கும் துணை வேண்டும். பின்பருவத்துக்கு ‘ஓப்பல் ஸ்டார்’ இருக்கிறது. இடம் இருப்பவர் முன்பருவ வகை ஒன்று, நடுப்பருவ வகை ஒன்று என்று நட்டால் பழக்காலமும் மார்ச் முதல் ஜூன் வரை நீளும், பூக்காலமும் ஒன்றோடொன்று ஓரளவு இணையும். மிக முந்தியதையும் மிகப் பிந்தியதையும் மட்டும் வைத்தால் பூக்கள் ஒன்றையொன்று பார்க்காமலேயே போய்விடும். இன்னொன்று, கன்றில் கட்டிய சீட்டை முழுதாக நம்ப வேண்டாம். ஒரு விற்பனை நிலையத்தில் யூனிக் என்று வாங்கி வந்த கன்று ஏழாண்டுகள் எனக்குப் பூவை மட்டுமே காட்டியது, பக்கத்தில் அப்போலோ வைத்த பிறகுதான் வாய் திறந்தது.

கணக்குப்பிள்ளை – நவம்பர் 30

இடம் இருப்பவருக்கு இரண்டு, என்னைப்போல் கையகல நிலம் உள்ளவருக்கு யூனிக் ஒன்று. இதோடு விடுகிறேன்.

கோடைமழை, கோத்தகிரி – டிசம்பர் 2

அமைதியாக வாசித்துக்கொண்டிருந்தேன், ஒரு கேள்வி. படத்தில் பார்த்தால் இந்தப் பழச்செடி எங்கள் மலையில் தானாக வளரும் தவிட்டுப்பழச் செடியின் உறவாகத் தெரிகிறது. இலையின் அடிப்புறத்தில் அதே வெளிறிய சுணை இருக்கிறது. எங்கள் ஊர் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே வளருமா? விதையோ குச்சியோ யாராவது அனுப்ப முடியுமா?

ஈரமண் – டிசம்பர் 3

உறவுதான், ஒரே குடும்பம். இரண்டின் இதழ்களும் வெளியே வெளிறி உள்ளே சிவந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள்.

வளருமா என்பதற்கு நியூசிலாந்தைவிடக் கொலம்பியாதான் உங்களுக்குச் சரியான முன்மாதிரி. அந்த நாடு நிலநடுக்கோட்டின்மேல் இருக்கிறது. ஆனாலும் ஆண்டீஸ் மலையில் ஏறத்தாழ 1,800 முதல் 2,700 மீட்டர் வரையிலான உயரத்தில் ஃபீஜோவாவைத் தோட்டப்பயிராக வளர்க்கிறார்கள். திபாசோசா என்ற சிற்றூர் இந்தப் பழத்துக்குத் திருவிழாவே எடுக்கிறது. அங்கே குளிர்காலம், கோடைக்காலம் என்ற பெரிய வேறுபாடு இல்லாததால், கவாத்தைத் திட்டமிட்டுச் செய்து ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு பகுதியில் பழம் எடுக்கிறார்கள். ஆகவே கோத்தகிரி, கொடைக்கானல் உயரங்களில் முயன்று பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. சமவெளியில் வேண்டாம். கோயம்புத்தூர் வெயிலில் செடி பசுமையாக நிற்கலாம், பழத்தை எதிர்பார்க்க முடியாது. நீலகிரி மண் இயல்பிலேயே புளிப்புத்தன்மை உடையது, இந்தச் செடிக்கு அது பிடிக்கும். தேயிலைக்கு ஏற்ற அளவு மிகவும் புளித்திருந்தால் மட்டும் சிறிது சுண்ணாம்பு இடுங்கள்.

விதையையும் குச்சியையும் அஞ்சலில் அனுப்பும் எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். இந்தியாவில் இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் கொண்டுவரக் கூடாது. இது வெறும் காகித வேலை அன்று. மிர்ட்டேசிக் குடும்பத்தைத் தாக்கும் மிர்ட்டில் துரு என்ற பூஞ்சை 2017இல் நியூசிலாந்துக்குள் நுழைந்து, இங்குள்ள பொகுதுகாவா போன்ற மண்ணின் மரங்களையே அச்சுறுத்திக்கொண்டிருக்கிறது. ஒரு குச்சிக்கு ஆசைப்பட்டு அதை நாவலும் கொய்யாவும் நிற்கும் ஊருக்கு அனுப்புவது பெரும்பாவம். இந்தியாவிலேயே சட்டப்படி கன்று விற்பவர்களிடம் தேடுங்கள். விதைக்கன்றானால் காய்க்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகலாம், தாயைப்போலவே காய்க்கும் என்ற உறுதியும் இல்லை. ஒட்டுக்கன்று இரண்டு மூன்று ஆண்டுகளில் காய்க்கும்.

வடக்குக்கரை, நார்த்லாந்து – டிசம்பர் 5

காய்க்கவில்லை என்று வருந்துபவரைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருக்கிறது. என் நான்கு செடிகளும் சுமக்க முடியாமல் காய்க்கின்றன, வெட்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் உள்ளே பழுப்பு நிறத் துகளும் புழுவும்தான். கொய்யா அந்துப்பூச்சி. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த இது 1997இல் எங்கள் வட்டாரத்தில்தான் முதலில் கண்டறியப்பட்டது, பிறகு தெற்கு நோக்கி இறங்கி ஆக்லாந்தையும் தாண்டிவிட்டது. பழத்தின் வெளியே குண்டூசி முனை அளவு துளை மட்டுமே தெரியும். ஃபீஜோவா முடிந்ததும் எலுமிச்சை இனங்களுக்கும், பிறகு லொக்காட்டுக்கும், பிறகு பிளம்முக்கும் மாறி மாறி ஆண்டு முழுவதும் இனம் பெருக்குவதால், ஒரு பருவத்தில் ஒழித்துவிடலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. நல்லதைப் பொறுக்கி எடுத்துச் சமையலறையில் வைத்துவிட்டுக் கெட்டதைச் செடியடியிலேயே விட்டதுதான் நான் முதல் சில ஆண்டுகள் செய்த பெரும் பிழை. விழுந்த பழத்திலிருந்து புழு மண்ணருகே இறங்கிக் கூடு கட்டும், மறுபடியும் பூச்சியாகும்.

இப்போது நான் செய்வது இதுதான். பூக்காலம் முடிந்து பிஞ்சு சுண்டைக்காய் அளவு வந்தவுடன் சின்னக் கண் வலையால் செடியைத் தரைவரை மூடிக் கட்டுகிறேன். பூக்கும்போது மூடினால் பறவை வர முடியாது, எனவே இந்தக் காலக்கணக்கு முக்கியம். விழும் பழங்களை நாள்தோறும் பொறுக்கி, புழு உள்ளவற்றைக் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு மாதம் வெயிலில் வைத்த பிறகே உரக்குழியில் போடுகிறேன். கோழிகளையும் அடியில் மேய விட்டிருக்கிறேன். மூடிய இரண்டு செடிகளில் சேதம் வெகுவாகக் குறைந்தது. மூடாத இரண்டும் பழையபடிதான்.

சமையல்கட்டு, ஆக்லாந்து – டிசம்பர் 5

புழு பாதி தின்ற பழத்திலும் மறுபாதி நன்றாக இருந்தால் வெட்டி எடுத்துத் தொக்குக்குப் பயன்படுத்துங்கள், வீணாக்க வேண்டாம். பழக்காலம் வரும்போது செய்முறை எழுதுகிறேன்.

புதுத்தோட்டம் – மே 4

ஐந்து மாதங்களுக்குப் பிறகு வருகிறேன், கணக்கோடு வந்திருக்கிறேன். டிசம்பர் முதல் வாரத்தில் நண்பர் வீட்டுப் பூக்களைக் கொண்டு 40 பூக்களுக்குத் தடவி, சிவப்பு நூல் கட்டினேன். அவற்றில் 23 காய் பிடித்தன. நூல் கட்டாத, எண்ண முடியாத அளவு பூக்களிலிருந்து மொத்தம் மூன்று காய்கள் மட்டுமே வந்தன. அந்த மூன்றுக்கும் எந்தப் பறவை பொறுப்பு என்று தெரியவில்லை. மாமியார் தன் கருத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

ஆனால் இப்போது வேறொரு குழப்பம். முதல் பழத்தை ஆவலில் பறித்துவிட்டேன். கைக்குக் கல்போல இருந்தது, நான்கு நாள் வைத்தும் சுவை வரவில்லை. நிறம் மாறும் என்று காத்திருந்தால் எல்லாம் பச்சையாகவே இருக்கின்றன. பழுத்தது எது என்று எப்படி அறிவது?

வடக்குக்கரை – மே 4

நிறத்தைப் பார்க்காதீர்கள், தரையைப் பாருங்கள். பழுத்ததும் அதுவே விழும். அடியில் வைக்கோலோ பழைய துணியோ பரப்பிவைத்தால் அடிபடாது. விழும்வரை காத்திருக்க முடியாதவர்கள் காயை உள்ளங்கையில் ஏந்தி லேசாகச் சாய்க்க வேண்டும். கையோடு வந்தால் பழம், காம்பு இழுத்துப் பிடித்தால் காய்.

ஈரமண் – மே 4

ஒன்றைக் குறுக்கே வெட்டியும் பார்க்கலாம். நடுவில் பூப்போல் அமைந்த அறைகளில் இருக்கும் கூழ் வெள்ளையாக இருந்தால் இன்னும் ஆகவில்லை. கண்ணாடிபோலத் தெளிந்திருந்தால் இதுவே வேளை. பழுப்பேறியிருந்தால் காலம் கடந்துவிட்டது. விழுந்த பழம் வெளியில் நாலைந்து நாள் தாங்கும், 4 பாகை செல்சியஸ் குளிரில் மூன்று நான்கு வாரம் தாங்கும், அதற்கு மேல் வெளியே பச்சையாகவே இருந்துகொண்டு உள்ளே கறுத்து ஏமாற்றும். கடைகளில் இந்தப் பழம் பேர் எடுக்காமல் போனதற்கும், ஏப்ரலில் இந்த நாட்டு அலுவலகங்களில் மேசைக்கு மேசை இலவசப் பை கிடப்பதற்கும் இதுதான் காரணம்.

சமையல்கட்டு – மே 5

வாக்களித்தபடி எழுதுகிறேன். முதல் பழத்தைச் சமைக்காதீர்கள். குறுக்கே வெட்டி, கரண்டியால் தோண்டித் தின்னுங்கள். அன்னாசியும் கொய்யாவும் கலந்த மணத்தோடு, தோலருகே மணல்போல் நறநறக்கும். சிலருக்கு வாசனைச் சோப்பு நினைவுக்கு வரும். அவர்களை வற்புறுத்த வேண்டாம்.

26 பழத்துக்கு ஏற்ற அளவில் தொக்கு சொல்கிறேன். தோலோடு புளிப்பும் கசப்பும் வரும் என்பதால் தோலை நீக்கி, சதை அரைக் கிலோ எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டிய உடனே பழுப்பாகும், எலுமிச்சைச் சாறு தெளித்துவையுங்கள். அரைக் கோப்பை நல்லெண்ணெயில் கடுகு தாளித்து, பெருங்காயம் போட்டு, சதையைச் சேர்த்து நடுத்தரத் தீயில் வதக்குங்கள். மாங்காயைவிட நீர் அதிகம் விடும், பதற வேண்டாம், சுண்டிவிடும். மிளகாய்த்தூள் மூன்று மேசைக்கரண்டி, உப்பு, ஒரு சிறு துண்டு வெல்லம் சேர்த்து, எண்ணெய் பிரிந்ததும் வறுத்துப் பொடித்த வெந்தயம் ஒரு தேக்கரண்டி போட்டு இறக்குங்கள். முழுதாகப் பழுத்தது தித்திப்பாகிவிடும் என்பதால், தொக்குக்கு விழுந்த அன்றே எடுத்த பழம் நல்லது. பழப்பாகு செய்வோர் கவனிக்க: இதில் பெக்டின் நிறைய உண்டு, தனியாக எதுவும் சேர்க்காமலேயே இறுகும். கருங்கடல், காஸ்பியன் கடல் பக்கத்தில் ஜார்ஜியாவிலும் அஜர்பைஜானிலும் அடுப்பே மூட்டாமல் பழத்தையும் சம அளவு சர்க்கரையையும் அரைத்துக் குப்பியில் அடைத்துக் குளிரில் வைக்கிறார்கள். மணம் அப்படியே நிற்பதற்கு அதைவிட நல்ல வழி இல்லை, தேநீருக்கு ஒரு கரண்டி போதும்.

புதுத்தோட்டம் – மே 11

தொக்கு ஒரு குப்பி வந்தது, மூன்று நாளில் தீர்ந்தது. வேலியோரத்தில் ஏழு அடி தள்ளி ஒரு அப்போலோக் கன்றுக்குக் குழி வெட்டியிருக்கிறேன். கடைசியாக ஒரு கேள்வி: பழைய செடியை எப்போது, எவ்வளவு வெட்டலாம்?

ஈரமண் – மே 11

கடைசிப் பழம் விழுந்தவுடன், குளிர்காலத் தொடக்கத்தில் வெட்டுங்கள். ஓரங்களைத் தொடாதீர்கள். உள்ளே ஒன்றோடொன்று உரசும் கிளைகளையும் நடுவில் நேரே மேலெழும் இரண்டு மூன்று கிளைகளையும் அடியோடு எடுத்துவிடுங்கள். ஒரு பறவை இப்பக்கம் நுழைந்து இறக்கை படாமல் அப்பக்கம் பறந்து வெளியேறும் அளவு இடைவெளி போதும். வேர்கள் மண்ணின் மேற்பரப்பிலேயே பரவியிருப்பதால் கொத்திவிடாமல் மூடாக்கு மட்டும் இடுங்கள். ஜனவரி, பிப்ரவரியில் மண் காயாமல் தண்ணீர் விட்டால் பழம் பெரிதாகும். புதுக் கன்று பூக்கும்வரை, அடுத்த இரண்டு நவம்பர்களிலும் நண்பர் வீட்டுக்கு நடக்கத்தான் வேண்டும்.